சிவப்பு லைட் எரிந்தது, கார்டில் ஒன்றுமில்லை: டேஷ்கேம் மெமரி கார்டுகளோடு நாலு வருஷம்

மாசி மாதம், பொழுது சாயும் நேரம். திருமயம் தாண்டிக் காரைக்குடிப் பக்கம் வந்துகொண்டிருந்த எங்கள் எர்டிகாவின் இடது பக்கக் கதவு இரண்டையும் ஒரு சரக்கு வேன் உரசி இழுத்துவிட்டது. இழுத்தது வேன்காரர், இறங்கி வந்து சத்தம் போட்டதும் அவர்தான். எங்கள் டிரைவர் தம்பி போனில் ரொம்ப நிதானமாகப் பேசினான். "அண்ணே, நம்ம மேல தப்பு இல்லண்ணே. அவரு பேசுற வரைக்கும் பேசட்டும், எல்லாம் கேமராவுல இருக்கு." முன் கண்ணாடியில் மாட்டிய டேஷ்கேம் சாலையைப் பதிவு செய்துகொண்டே வருகிறது என்று நானும் தைரியமாகத்தான் இருந்தேன். ராத்திரி வண்டி வந்ததும் கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், கடைசி ஃபைல் தை 3ஆம் தேதி, சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு ஆள் ஏற்றிப் போன அன்று பதிவானது. வரிசையாக நிற்கிற கார்கள், புழுதி, கண்ணாடிக்கு முன்னால் கரும்பைக் கடித்துக்கொண்டு போகிற ஒரு பையன். அதற்கப்புறம் 42 நாள் ஒன்றுமே இல்லை. அந்த 42 நாளும் கேமராவில் சிவப்பு லைட் விட்டு விட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது, தம்பி தினமும் பார்த்திருக்கிறான், நானே நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன்.

கடைசியில் நம் இன்சூரன்ஸிலேயே கிளெய்ம் போட்டு வேலையை முடித்தோம். நாலு வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டிச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் 45 சதவீதம், அது அப்படியே போச்சு. சில நூறு ரூபாய் கார்டு ஒன்று செய்த வேலை இது. அன்றைக்குத்தான் இந்த நகக்கண் அளவு சாமானைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். காரைக்குடியில் சின்ன அளவில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன், மூன்று வண்டி. கானாடுகாத்தான், ஆத்தங்குடி பார்க்க வருகிறவர்கள், பிள்ளையார்பட்டி குன்றக்குடி போகிறவர்கள், திருச்சி ஏர்போர்ட், மதுரை, மாதம் நாலைந்து தடவை சென்னை. மூன்றிலும் கேமரா உண்டு. கேமராவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், அதற்குள் போடுகிற கார்டைப் பற்றிப் பேச ஆள் குறைவு என்பதால் இது முழுக்கக் கார்டு விமர்சனம்.

முதலில் அந்தச் செத்த கார்டு. பேர் சொல்லப் போவதில்லை, நல்ல கம்பெனி கார்டுதான், செல்போனுக்கு வாங்குகிற சாதாரண ரகம், தப்பு என்னுடையது. கேமராவிலேயே ஃபார்மேட் கொடுத்தேன், முடிந்தது என்று காட்டியது, கழற்றித் திரும்பச் செருகினேன், சிராவயல் வந்து நின்றது. லேப்டாப்பில் ஃபார்மேட் செய்தேன், எல்லாம் காலி என்றது, எடுத்துப் போட்டால் மறுபடியும் அதே பையன், அதே கரும்பு. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது, பேய் பிடித்த கார்டோ என்று. விஷயம் என்னவென்றால், கார்டுக்குள் இருக்கிற ஃபிளாஷ் மெமரியில் ஒவ்வொரு செல்லையும் (தகவலைப் பிடித்து வைக்கிற நுண்ணிய அறை) இத்தனை தடவைதான் அழித்து எழுத முடியும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தீர்ந்ததும் சில கார்டுகளில் உள்ளே இருக்கிற கன்ட்ரோலர் சிப், இனி எழுத விடக் கூடாது, இருப்பதையாவது காப்பாற்றுவோம் என்று கதவைச் சாத்திவிடும். படிக்கலாம், எழுத முடியாது. எழுதுகிற மாதிரி தலையை ஆட்டும், எழுதாது. சில கேமராக்கள் இதைக் கண்டுபிடித்துப் பீப் சத்தம் போடும். என்னுடையது போடவில்லை.

செல்போனில் வருஷக்கணக்காக உழைக்கிற கார்டு காரில் ஏன் சாகிறது என்பதற்கும் இதுதான் பதில். போனில் நூறு போட்டோ எடுக்கிறோம், நாலு பாட்டு ஏற்றுகிறோம், அதோடு சரி. டேஷ்கேம் அப்படியில்லை, சாவி போட்ட நிமிஷத்திலிருந்து எழுதிக்கொண்டே இருக்கும், நிரம்பியதும் பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில் எழுதும், மறுபடி நிரம்பும், மறுபடி அழிக்கும். முன் கேமரா பின் கேமரா இரண்டும் சேர்ந்து நொடிக்கு 28 மெகாபிட் என்று வைத்தால் (எங்கள் கேமராவில் ஏறத்தாழ அப்படித்தான்) மணிக்கு பன்னிரண்டரை ஜிபி. 64 ஜிபி கார்டு அஞ்சு மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். தினமும் பத்து மணி நேரம் ஓடுகிற டாக்ஸியில் ஒரு நாளைக்கு இரண்டு சுற்று, வருஷத்துக்கு எழுநூறு. அதிலும் இப்போது வருகிற மலிவுக் கார்டுகளில் ஒரு செல்லுக்குள் மூன்று பிட், நாலு பிட் என்று நெருக்கி அடைக்கிறார்கள். இடம் நிறையக் கிடைக்கும், ஆயுசு குறையும். மினி பஸ்ஸில் சந்தை நாளில் ஏறுகிற கூட்டம் மாதிரி.

கார்டு அட்டையில் பெரிசாகப் போட்டிருப்பார்களே, நொடிக்கு 100 எம்பி, 150 எம்பி என்று, அதைப் பார்த்து நான் மூன்று கார்டு வாங்கியிருக்கிறேன். அது பெரும்பாலும் படிக்கிற வேகம். நமக்கு வேண்டியது விடாமல் எழுதுகிற வேகம், அதற்குத்தான் கார்டின் மேல் சின்னச் சின்னக் குறிகள் இருக்கின்றன. வட்டத்துக்குள் 10 என்றாலும், யூ மாதிரிக் கிண்ணத்துக்குள் 1 என்றாலும் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும் என்று அர்த்தம். கிண்ணத்துக்குள் 3 அல்லது வி30 என்றால் 30 எம்பி. இப்போது கணக்குப் பாருங்கள். 4கே கேமராவே நொடிக்கு 40 மெகாபிட் எழுதினால் அது 5 எம்பிதான் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்). அதாவது வேகம் நம் பிரச்சினையே இல்லை. வி30 இருந்தால் தாராளம், அதற்கு மேல் காசு கொடுப்பது வீண். ஏ1, ஏ2 என்று இன்னொரு குறி உண்டு, அது போனில் ஆப்களை கார்டிலிருந்து ஓட்டுவதற்கு. காருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அதைக் காட்டி விலை ஏற்றினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பார்க்க வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்று: எண்டூரன்ஸ். தாங்குசக்தி. இந்த ரகத்தை டேஷ்கேமுக்கும் சிசிடிவிக்கும் என்றே செய்கிறார்கள், எத்தனை மணி நேரம் பதிவு செய்யலாம் என்று கம்பெனியே எழுதித் தருகிறது. சான்டிஸ்கில் இரண்டு வகை. ஹை எண்டூரன்ஸ் 64 ஜிபிக்கு 5,000 மணி நேரம், 128க்கு 10,000, 256க்கு 20,000. மேக்ஸ் எண்டூரன்ஸ் என்று மேலே ஒன்று, அதில் 64 ஜிபிக்கே 30,000, 128க்கு 60,000, 256க்கு 1,20,000 மணி நேரம். சாம்சங்கில் ப்ரோ எண்டூரன்ஸ், 128 ஜிபிக்கு 70,080 மணி நேரம், 256க்கு 1,40,160. கடைசி எண்ணை 24ஆலும் 365ஆலும் வகுத்தால் சரியாகப் பதினாறு வருஷம் வருகிறது, அப்படித்தான் அந்த எண்ணைப் பிடித்திருக்கிறார்கள் போல. ஆனால் ஒன்று, இந்தக் கணக்கெல்லாம் நொடிக்கு 26 மெகாபிட் வாக்கில் முழு எச்டி ஒரு கேமரா பதிவு என்று வைத்துச் சொல்வது. 4கே முன்னால், எச்டி பின்னால் என்று ஒரு கேமரா அதைப்போல இரண்டு பங்கு எழுதினால் மணி நேரம் பாதியாகும். ஆளில்லாமல் நிற்கும்போதும் எழுதுகிற பார்க்கிங் மோட் போட்டிருந்தால், 10,000 மணி நேரக் கார்டு 24 மணி நேர ஓட்டத்தில் 416 நாளில் முடிந்துபோகும். வெளியே நிறுத்துகிற வண்டி இல்லையென்றால் பார்க்கிங் மோடை அணைத்து வையுங்கள். எங்கள் வண்டிகள் ராத்திரியில் கேட்டுக்குள் நிற்கின்றன, அங்கே வந்து எதைப் படம் பிடிக்கப் போகிறது, பூனையையா?

இன்னொன்றையும் இந்த எண்களிலேயே கவனித்திருப்பீர்கள். அளவு இரண்டு மடங்கானால் ஆயுசும் இரண்டு மடங்கு. அதே அளவு வீடியோவை இரண்டு மடங்கு இடத்தில் பரப்பி எழுதுகிறது, ஒவ்வொரு செல்லுக்கும் முறை வர நாள் ஆகிறது, அவ்வளவுதான். அதனால் பெரிய கார்டு வாங்குவது நிறைய நேரம் சேமிக்க மட்டும் இல்லை. நேரமும் முக்கியம்தான். சென்னைக்கு எட்டு மணி நேர ஓட்டம், 64 ஜிபி அஞ்சு மணி நேரம், அப்படியானால் தாம்பரம் போகும்போது லெம்பலக்குடி டோல்கேட்டில் நடந்தது அழிந்துபோயிருக்கும். ஒரு தடவை விடியக்காலையில் புதுக்கோட்டை தாண்டி டீக்கடையில் நிறுத்தியபோது பின்னால் எவனோ பம்பரைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறான், சென்னையில் இறங்கித்தான் பார்த்தோம், வீடியோவில் விழுப்புரத்துக்குப் பிந்தியதுதான் இருந்தது. இப்போது சென்னை போகிற வண்டியில் 256, மற்ற இரண்டில் 128. ஆனால் வாங்குவதற்கு முன் கேமரா எவ்வளவு வரைக்கும் ஏற்கும் என்று அதன் புத்தகத்தில் பாருங்கள், பழைய மாடல்கள் 32, 64, 128 என்று ஓர் அளவோடு நின்றுவிடும், மேலே போட்டால் ஏற்காது, அல்லது நாலு நாள் ஓடிவிட்டு மக்கர் பண்ணும்.

இனி போலிக் கார்டு கதை. சிராவயல் சம்பவத்துக்கு முந்தைய வருஷம் இது. இணையத்தில் ஒரு சலுகையில் 128 ஜிபி 399 ரூபாய் என்று போட்டிருந்தது, பிரபலமான கம்பெனியின் பேர், அட்டை, ஹாலோகிராம் எல்லாம் பக்கா. இரண்டு வாங்கினேன். லேப்டாப்பில் போட்டால் 119 ஜிபி என்று காட்டியது. இது சரிதான், கம்பெனிக்காரர் ஆயிரத்தால் கணக்குப் போடுகிறார், கம்ப்யூட்டர் 1024ஆல் போடுகிறது, 128 வாங்கினால் 119 சொச்சம்தான் தெரியும், 64க்கு 59 சொச்சம். அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டான் என்று கடையில் சண்டை போடுகிறவர்கள் உண்டு, போடாதீர்கள். என் கார்டில் ஏமாற்று வேறு மாதிரி. உள்ளே இருப்பது மொத்தமே 16 ஜிபி வாக்கில்தான், கன்ட்ரோலரிடம் பொய் சொல்லச் சொல்லி வைத்திருக்கிறார்கள். 16 வரைக்கும் ஒழுங்காக எழுதும், அதற்கு மேல் வருவதைக் காற்றில் எழுதும். ஃபைல் பேர் இருக்கும், தேதி இருக்கும், அளவு இருக்கும், திறந்தால் திறக்காது. வண்டியில் போட்ட அன்று சரியாக இருந்தது, மறுநாள் பாதி ஃபைல் திறக்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது, விண்டோஸில் ஓடும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3. கார்டு முழுக்க ஒரு ஜிபி ஒரு ஜிபியாக எழுதி நிரப்பும், அப்புறம் எல்லாவற்றையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். என்னிடம் இருக்கிற பழைய கார்டு ரீடரில் 128 ஜிபிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பார்த்தால் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு சிவப்பில் கணக்கு வந்தது. நல்ல வேளையாகத் திருப்பி அனுப்பப் பத்து நாள் அவகாசம் இருந்தது, ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டார்கள், இன்னொன்றின் அட்டையை நான் கிழித்துப் போட்டிருந்தேன். அப்போதிலிருந்து எந்தக் கார்டு வந்தாலும் பரிசோதனை முடிகிற வரை அட்டையும் பில்லும் மேசை டிராயரில்தான் இருக்கும். கம்பெனியின் சொந்தக் கடையோ, அதிகாரப்பூர்வ விற்பனையாளரோ என்று பார்த்து வாங்குங்கள், விலை மற்ற இடத்தைவிடப் பாதி என்றாலே விலகிவிடுங்கள்.

வாரன்ட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பத்து வருஷ வாரன்ட்டி என்று அட்டையில் இருக்கும், கீழே பொடி எழுத்தில் டேஷ்கேம், கண்காணிப்பு கேமரா மாதிரி விடாமல் எழுதுகிற வேலைக்குச் செல்லாது என்றும் இருக்கும். சாதாரண ரகக் கார்டுகளில் இந்த நிபந்தனை பரவலாக உண்டு. நான் செத்த கார்டை அனுப்பியபோது எதில் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டார்கள், காரில் என்று உண்மையைச் சொன்னேன், கதை முடிந்தது. எண்டூரன்ஸ் ரகத்தில் அந்தப் பேச்சு இல்லை, அதற்கென்றே வாரன்ட்டி தருகிறார்கள், வருஷமோ மணி நேரமோ எது முதலில் முடிகிறதோ அதுவரை என்று. விலை சாதாரணக் கார்டைவிடக் கூடுதல்தான், ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று நாளுக்கு நாள் மாறுகிறது. கதவு டிங்கரிங் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு விலையே இல்லை.

வெயில். நம் பக்கத்து வெயிலைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கானாடுகாத்தானில் விருந்தாளிகள் பழைய செட்டிநாட்டு வீடு பார்க்க உள்ளே போனால் இரண்டு மணி நேரம் ஆகும், முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொரு தூணாகப் படம் எடுப்பார்கள். வெளியே அகலமான தெரு, மரம் கிடையாது. சித்திரை வைகாசியில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் டேஷ்போர்டு மேல்பரப்பு 70 டிகிரி வரை போகும். கார்டுகள் 85 டிகிரி வரை வேலை செய்யும் என்று எழுதியிருப்பார்கள், எண்டூரன்ஸ் கார்டுகள் பலவற்றிலும் அது இருக்கும், ஆனால் கேமரா ஓடும்போது அதன் சொந்தச் சூடு வேறு சேர்கிறது. வெயிலில் நின்ற வண்டியை எடுத்து அரை மணி ஓட்டிய பிறகு ஒரு தடவை கார்டைக் கழற்றினேன், ஊசியால் சுட்ட மாதிரி விரல் நுனியில் பட்டது. சூடு கூடக் கூட செல்லில் பிடித்து வைத்திருக்கிற மின்னூட்டம் கசியும், தேய்ந்த கார்டாக இருந்தால் இன்னும் சீக்கிரம். தம்பிக்கு நான் சொல்லியிருப்பது ஒன்றுதான்: அந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை, நெட்டுக்கு மதில் இருக்கிறது, எந்தப் பக்கம் நிழல் விழுகிறதோ அங்கே போய் நிறுத்து. கேமராவைக் கண்ணாடியில் ரொம்பக் கீழே, டேஷ்போர்டை ஒட்டி மாட்டாமல் உள்கண்ணாடிக்குப் பின்னால் மேலே மாட்டினால் கொஞ்சம் தப்பிக்கும்.

கேமரா வாங்கும்போதே இன்னொன்று பார்த்துக்கொள்ளலாம். சிலதில் சின்ன லித்தியம் பேட்டரி இருக்கும், சிலதில் சூப்பர் கெபாசிட்டர் (பேட்டரிக்குப் பதிலாகக் கொஞ்ச நேரத்துக்கு மின்சாரம் பிடித்து வைக்கிற, சூட்டை நன்றாகத் தாங்குகிற பாகம்). பேட்டரி சூட்டில் உப்பிவிடும், எங்கள் முதல் கேமரா பலாச்சுளை மாதிரி உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்க்காரன், பேட்டரி ஆராய்ச்சி செய்கிறவர்கள் நாலு தெரு தள்ளி இருக்கிறார்கள், நான் போய் பேட்டரி வைத்த கேமராவை வெயிலில் மாட்டினேன், சொன்னால் சிரிப்பார்கள். இதைக் கார்டு கட்டுரையில் ஏன் சொல்கிறேன் என்றால், வண்டியை அணைத்ததும் கடைசி ஃபைலை ஒழுங்காக மூடி வைக்க அந்தச் சில நொடி மின்சாரம் வேண்டும். பேட்டரி செத்துப்போனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போகும், ஃபைல் பாதியில் நிற்கும், தினமும் அப்படியே நடந்தால் கார்டின் ஃபைல் அட்டவணையே குழம்பும். கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு கார்டு மாற்றிய பிறகுதான் கெட்டது பேட்டரி என்று தெரிந்தது.

ஜி சென்சார் என்று ஒன்று. குலுக்கல் தெரிந்தால் விபத்து என்று நினைத்து அந்த ஃபைலைப் பூட்டி வைக்கும், சுற்றில் அழியாது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் நம் ஊர்களில் வேகத்தடை எங்கே எந்த உயரத்தில் இருக்கும் என்று போட்டவருக்கே தெரியாது. ஆத்தங்குடியிலிருந்து கானாடுகாத்தான் வருவதற்குள் எங்கள் கேமரா ஏழு தடவை விபத்தாகிவிட்டது. அப்படிப் பூட்டிய ஃபைல்கள் சேர்ந்து சேர்ந்து 64 ஜிபியில் நாற்பதைப் பிடித்துக்கொண்டன, மிச்ச இடத்திலேயே திரும்பத் திரும்ப எழுதியது. சில கேமராவில் பூட்டியது நிரம்பினால் பதிவே நின்றுவிடும். அமைப்பில் போய் உணர்திறனைக் குறைந்த அளவில் வையுங்கள், நிஜமான மோதல் அந்த அளவிலும் பதிவாகும்.

பராமரிப்பு என்று பார்த்தால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மாதம் ஒன்றாம் தேதி, வண்டிக்குக் காற்றுப் பார்க்கிற அன்று, கார்டையும் பார்க்கிறோம். சாவியை அணைத்து, கேமரா முழுக்க அணைந்த பிறகு பத்து நொடி பொறுத்து, நகத்தால் அழுத்தி விட வேண்டும், ஸ்பிரிங் தானே வெளியே தள்ளும். விரலைக் குறுக்கே வைத்துக்கொள்ளவில்லை என்றால் பறக்கும். ஒரு தடவை வீட்டுக்குள் கொண்டுவந்து அடாப்டரிலிருந்து எடுக்கும்போது பறந்து தரையில் விழுந்தது. எங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல், கறுப்பு, சிவப்பு, மஞ்சள் பூ. அந்தப் பூவுக்குள் ஒரு கறுப்புக் கார்டைத் தேடிப் பாருங்கள். அரை மணி நேரம் நாலு பேர் தவழ்ந்தோம், அப்பத்தா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு "என்னத்தடா தேடுறீக, அட்சதையையா?" என்று கேட்டது. கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்ததும் அதன் நிழல் நீண்டு தெரிந்தது. அதற்கப்புறம் கார்டை ஒரு வெள்ளைத் தாம்பாளத்தின் மேல் வைத்துத்தான் கையாள்கிறோம்.

லேப்டாப்பில் போட்டதும் பார்க்க வேண்டியது கடைசி ஃபைலின் தேதியும் நேரமும். அது நேற்றோ இன்றோ இருக்கிறதா, திறக்கிறதா, நடுவில் இரண்டு மூன்று ஃபைல் ஓடுகிறதா, அவ்வளவுதான். கேமராவில் தேதி சரியில்லை என்றால் அதையும் அப்போதே சரிசெய்யுங்கள், தேதி தப்பான வீடியோ இருந்தும் இல்லாததும் ஒன்று. வேண்டியதைப் பிரதி எடுத்துக்கொண்டு திரும்ப கேமராவில் போட்டு, கேமராவிலேயே ஃபார்மேட் கொடுங்கள். லேப்டாப்பில் ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து அழிக்க வேண்டாம், கேமராவுக்கு எந்த ஃபைல் முறை வேண்டும் என்று அதற்குத்தான் தெரியும். 32 ஜிபி வரை ஃபேட்32, அதற்கு மேல் எக்ஸ்ஃபேட் என்பது கார்டுகளின் பொது வழக்கம், ஆனால் சில கேமராக்கள் 128 ஜிபியையும் ஃபேட்32 ஆக்கித்தான் எழுதும். கேமராவில் ஃபார்மேட் ஆக மறுத்தால் எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தருகிற எஸ்டி கார்டு ஃபார்மேட்டரில் ஒரு தடவை செய்துவிட்டு மறுபடி கேமராவில் செய்தால் பெரும்பாலும் சரியாகும். ஃபார்மேட் முடிந்ததும் வண்டியை ஒரு சுற்று ஓட்டி, கேமராவை அணைத்து மறுபடி போட்டு, பழையது திரும்ப வந்து நிற்கிறதா என்று பார்ப்பது எங்கள் வீட்டுக்கே உரிய சடங்கு. காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

விபத்து ஏதும் நடந்தால் முதல் வேலை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியானதும், கேமராவை அணைத்துக் கார்டைக் கழற்றுவது. ஓடவிட்டால் சுற்றில் அழிந்துபோகலாம். ஒவ்வொரு வண்டியிலும் டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு மாற்றுக் கார்டும் ஒரு பெரிய எஸ்டி அடாப்டரும் வைத்திருக்கிறோம். மைக்ரோ எஸ்டியில் பூட்டு கிடையாது, அடாப்டரின் ஓரத்தில் சின்ன நகர்த்தி இருக்கும், அதைப் பூட்டுப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் லேப்டாப்பில் செருக வேண்டும், தெரியாமல் எதுவும் எழுதிவிடாமல் இருக்க. விண்டோஸ் இந்த டிரைவில் பிரச்சினை இருக்கிறது, சரிசெய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், முதலில் பிரதி. ஃபைல் அழிந்துபோயிருந்தாலும் மேலே எதுவும் எழுதாத வரை ஃபோட்டோரெக் மாதிரி இலவச மென்பொருளால் மீட்க வாய்ப்பு உண்டு. கோர்ட் வரைக்கும் போகிற விவகாரம் என்றால் மூலக் கார்டைத் தொடாமல் கவரில் போட்டு ஒட்டி வையுங்கள், மின்னணுப் பதிவுக்குத் தனியாகச் சான்றிதழ் வேண்டும், முன்பு 65பி என்று வக்கீல்கள் சொல்வார்களே, 2024 ஜூலை 1 முதல் புதுச் சாட்சியச் சட்டத்தில் அது 63ஆம் பிரிவு. வாட்ஸ்அப்பில் அனுப்பி அமுங்கிப்போன வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள், அதில் நம்பர் பிளேட்டே தெரியாது.

இப்போது வண்டிகளில் இருப்பது: சென்னை வண்டியில் சாம்சங் ப்ரோ எண்டூரன்ஸ் 256, இரண்டாவதில் சான்டிஸ்க் மேக்ஸ் எண்டூரன்ஸ் 128, மூன்றாவதில் சான்டிஸ்க் ஹை எண்டூரன்ஸ் 128. முதல் இரண்டும் ஒன்றரை வருஷத்தைத் தாண்டிவிட்டன, இரண்டு கோடை பார்த்துவிட்டன, ஒரு ஃபைல்கூடத் திறக்காமல் போகவில்லை. மூன்றாவது போட்டு ஏழு மாதம்தான், இதுவரை குறையில்லை. மூன்றில் ஒன்றைச் சொல் என்றால், டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்கு மேக்ஸ் எண்டூரன்ஸோ ப்ரோ எண்டூரன்ஸோ, எது அன்றைக்கு நல்ல கடையில் மலிவோ அது. இரண்டுக்கும் நடுவில் வண்டியில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சொந்தக் காரில் வாரத்துக்கு இரண்டு நாள் கோயில், சந்தை என்று போய் வருகிறவர்களுக்கு ஹை எண்டூரன்ஸ் 64, 128 எதேஷ்டம். அதுகூட வேண்டாம், கையில் இருக்கிற போன் கார்டையே போட்டுக்கொள்கிறேன் என்றால் போடுங்கள், ஆனால் கார்டு போட்ட தேதியை அட்டையில் எழுதி வைத்து வருஷம் ஒரு தடவை மாற்றிவிடுங்கள், ஒன்றாம் தேதி கடைசி ஃபைலைப் பார்ப்பதை மட்டும் விடாதீர்கள். சிவப்பு லைட்டைப் பார்த்து ஓடுகிறது என்று எந்த டிரைவர் சொன்னாலும் நான் இப்போது கேட்கிற ஒரே கேள்வி, "கடைசி ஃபைல் எத்தன மணிக்குப்பா?"